ஒன்பது போட்டோ, ஒரே பெண்

தமிழரசி அக்கா போய்விட்டார். இன்று காலை விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... எழுந்திருக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. இலுப்பூரில் நான் முதலில் வேலை பார்த்த சின்ன கம்பெனியில் அவர் புள்ளியியல் பார்த்தார், நான் புரோகிராம் எழுதினேன்.

கர்ப்பிணிகளின் கீழ் இமையைப் போட்டோ எடுத்தால் போதும், ஊசி குத்தாமலே ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்லும் ஆப் ஒன்றை அங்கே செய்தோம். போட்டோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என் மாடலுக்கு டெஸ்டில் ரிசல்ட் பிரமாதமாக வந்தது.

அக்கா மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு பாருங்க தம்பி. இந்த ஒம்பது கண்ணும் ஒரே பொம்பளையோடது. ஒங்க மாடல் ஒம்பது பேருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

ஒவ்வொரு படமும் வேறு ஆள் என்ற அனுமானத்தில்தான், படத்திலிருந்து ரத்தத்தைக் கணிக்கும் அந்த ரெக்ரஷன் கணக்கே நின்றது. மாடல் கற்றுக்கொண்ட படங்களிலும் அதே பெண், டெஸ்டுக்கு ஒதுக்கிய படங்களிலும் அதே பெண். அது ரத்தத்தைப் பார்க்கவில்லை... ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. புது ஆள் வந்தால் என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியாது.

இப்படிப் பார்த்தால் எதையுமே வெளியிட முடியாது என்றேன். மேனேஜரும் அதையே சொன்னார். ஆப் சரியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டில் அக்கா கையெழுத்துப் போட மறுத்தார்.

நான் போட்டேன்.

ஆப் வெளியான பிறகு, குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு ஆப் 'நார்மல்' காட்டியது. அதை நம்பி அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு. அதைத் தாங்க உடம்பில் ரத்தமில்லை... தாயும் போய், பிள்ளையும் போனது.

துக்கம் கேட்க அக்கா போனார். எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார். "'போன்ல நல்லா இருக்குன்னுதானே காட்டுச்சு ஆத்தா'ன்னு அந்தப் புள்ளையோட மாமியா கேக்குறாங்க தம்பி. நான் என்னன்னு சொல்ல?"

மறுநாளிலிருந்து 'நார்மல்' வந்தவர்களின் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தார். ரத்தம் குறைவாக இருந்தவர்கள் இன்னும் சிலர் அதில் இருந்தார்கள். கம்பெனி அக்காவை வேலையை விட்டு எடுத்தது. ஆப்பையும் சத்தமில்லாமல் நிறுத்தியது.

போன வருடம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா விடவில்லை.

"இப்பயாச்சும் படத்த ஆள் ஆளாப் பிரிச்சுத்தானே டெஸ்ட் பண்றீங்க?"

ஆமாம் என்றேன். உண்மைதான். தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

நாளை காலை அடக்கம். கிளம்பிவிட்டேன் அக்கா...