கொச்சிக்காரி வரைந்த லோகோ

அம்மா மிக்ஸியைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"காலேஜ் முடிச்ச பிள்ளையளுக்கு ரெண்டு தேங்காச் சில்லு கீறித் தந்தா கை தேஞ்சா போவும்?" என்று அதைப் பார்த்துக் கேட்டாள். மிக்ஸி காலேஜ் போனதில்லை. வீட்டில் காலேஜ் முடித்தது நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் குறை சொல்வது இப்படித்தான். நேராக வராது, இடையில் ஒரு மிக்ஸி வேண்டும், இல்லையென்றால் பூனை. தேங்காயைக் கையில் எடுத்தபடியே நினைத்தேன், என் லோகோவுக்கு ஒரு மிக்ஸி இல்லை. அதுதான் சிக்கல்.

அந்த லோகோவை வரைந்தது சித்திக்காக. அம்மாவின் தங்கை. குவைத்தில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, கருங்கல் என்ற ஊரில் ஒரு வேலையைத் தொடங்கவிருந்தாள். இங்கே எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் மட்டும் ஊரில். அந்த வீடுகளுக்கே போய் சுகர் பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது. ஸ்கூட்டரும் பையும் தயார். ஸ்கூட்டரில் ஒட்டவும் போர்டில் போடவும் ஒரு லோகோ வேண்டும். ஒன்றாம் தேதி திறப்பு. அதுவரை நான் வரைந்ததில் மாமா வீட்டுக் கல்யாணக் கார்டைத் தவிர எதுவும் லேப்டாப்பை விட்டு வெளியே வந்ததில்லை. இது ரோட்டில் ஓடப்போகிற லோகோ! இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் வரைந்தேன்.

ஒரு வீட்டுக் கூரை. அதற்குள் இதயம். இதயத்துக்குள் சிவப்பு பிளஸ். கீழே ஏந்திய இரண்டு கைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஈசிஜி கோடு.

"கொள்ளாம் மக்ளே," என்றாள் சித்தி. குடும்ப வாட்ஸாப் குழுவில் கைதட்டல்களாக வந்து விழுந்தன. ஆனால் பத்து நாளாகியும் ஸ்டிக்கர் கடைக்கு எதுவும் போகவில்லை. கேட்டால் "பிறவு பாப்போம்" என்பாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் ஏன் ஒட்டவில்லை? கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது.

மிக்ஸி சம்பவத்துக்கு மறுநாள், அதே சாமான்களை இடம் மாற்றி அடுக்கி, பச்சையை நீலமாக்கி, கருங்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

"சித்தி, நான் வரைஞ்சத விடுங்க. கொச்சியில கூடப் படிச்ச கூட்டுக்காரி ஒருத்தி இருக்கா. அவளும் ஒண்ணு வரைஞ்சு அனுப்பியிருக்கா. நல்லால்லைன்னா நான் அவகிட்ட சொல்லிக்கிடுதேன்."

சித்தி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள். என் லோகோவைப் பார்த்தபோது போடாத கண்ணாடி.

"இந்தப் பிள்ள ஈசிஜி பாத்திருக்காளா?"

"தெரியலையே. ஏன்?"

"இங்க பாரு. ரெண்டு துடிப்பு துடிச்சிட்டு, பிறவு நேரா போவுது. வார்டுல இந்தக் கோடு வந்தா நாங்க ஓடுவோம். ஆளு போயாச்சுட்டி!"

அந்த நேர்கோடு, பெயருக்கு அடியில் அழகாக நீளட்டும் என்று நான் இழுத்துவிட்டது. பத்து நாளாக என் லோகோவில் ஒருவர் இறந்து கிடந்திருக்கிறார், நான் அதை ஃபினிஷிங் என்று நினைத்திருக்கிறேன்.

"பின்னே?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"பின்னே இந்தச் செவப்பு பிளஸ்ஸு. இத ஸ்கூட்டர்ல ஒட்டிக்கிட்டு ஒரு வீட்டு முன்னால நிக்கேன்னு வையி. அடுத்த வீட்டுக்காரி கேட்டுக்கு வந்திருவா. 'அண்ணனுக்கு என்ன, சீரியஸா?' சாயங்காலத்துக்குள்ள துபாய்ல இருக்க மவனுக்கு போன் போயிரும். நான் போனது சுகர் பாக்க, கேட்டியா!"

சிரிப்பு வந்தது. ஃபோனில் எழுதிக்கொண்டேன், கொச்சிக்கு அனுப்புவதற்காக என்ற பாவனையில். ஒரு விஷயம் புதிதாக இருந்தது. இதையே என்னிடம் சொல்லியிருந்தால், பிளஸ் ஏன் அங்கே இருக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கியிருப்பேன். இப்போது விளக்க வேண்டிய ஆள் கொச்சியில் இருக்கிறாள். என் வேலை காதுகொடுத்துக் கேட்பது மட்டும். கேட்கக் கேட்க இன்னொன்றும் தெரிந்தது. சித்தி ஒரு தடவைகூட நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு வார்டு இருந்தது, ஒரு கேட் இருந்தது, கேட்டுக்கு வந்து நிற்கிற ஒருத்தி இருந்தாள். எதை அழிக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"எல்லாத்தையும் அவகிட்ட இப்படியே சொல்லிரட்டா?"

"ஏட்டி, இப்படியேவா? பாவம், எவ்வளவு நேரம் இருந்து வரைஞ்சிருப்பா. அந்தக் கை நல்லாருக்குன்னு முதல்ல சொல்லு. நெசமாத்தான். ஊசி போடத் தெரிஞ்ச கை."

கொச்சிக்காரிமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. அதை மறைக்க ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கச் சொன்னாள் என்றேன்.

"வேற என்ன, பெல்லடிப்பேன். உள்ள இருந்து 'வாறேன், வாறேன்'னு ஒரு சத்தம் வரும் பாரு. அன்னைக்கு முழுக்க அவிய வேற ஆருகிட்டயும் பேசியிருக்க மாட்டாவ."

திரும்பும் பஸ்ஸிலேயே வரைந்தேன். ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதை அழுத்தப்போகும் ஒரு விரல். சத்தத்துக்காக மூன்று வளைவு. 'கொச்சியிலிருந்து' இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

"விவரமுள்ள பிள்ளதான்," என்றாள் சித்தி. "ஆனா இந்த வளைவு மூணும் வைஃபை மாதிரில்லா இருக்கு? நெட்டு சரி பண்ண வந்தவன்னு நினைச்சு, அவனத் திட்ட வச்சிருக்கதெல்லாம் எனக்கக் கிட்ட திட்டுவாவ."

வளைவுகளை எடுத்தேன். கொச்சிக்காரியின் மூன்றாவது படத்தைச் சித்தி கையை நீட்டிப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். "இது மதி, போதும். இனி ஒண்ணும் செய்யாண்டாம். நாளைக்கே ஸ்டிக்கருக்குக் குடு."

வரைந்தது நான்தான் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"போர்டு, கார்டு, எல்லாம் அவளே செய்யட்டும். நீ சங்கடப்படாத, என்னா?"

"ஏன் சித்தி, நான் செய்யமாட்டேனா?"

"கல்யாணக் கார்டுல எழுத்து வாசிக்க முடியலன்னு உனக்க மாமா சொன்னாரு. அந்தக் கோவத்துல ரெண்டு மாசமா அவரு வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தியா? இந்தக் கொச்சிப் பிள்ளகிட்ட எத்தன குத்தம் சொன்னேன். ஒரு எதிர்ப்பேச்சு உண்டா? குணமுள்ள பிள்ள. நாளைக்கு வீடியோ கால்ல போட்டுத் தா, ஒரு வார்த்த பேசணும்."

ரோட்டுக்கு வரப்போகிற என் முதல் வேலை, கையில் கிடைத்த நொடியே போய்விட்டது. அதுவும் இல்லாத ஒருத்தியிடம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்படி என்னதான் செய்துவிட்டாள் அவள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டாள், எழுதிக்கொண்டாள், ஒரு கேள்வி கேட்டாள். வரைந்ததும் அழித்ததும் என் கைதான். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தானே? அப்படியென்றால் அது என்னால் முடியாததில்லை.

நாளை வீடியோ கால் கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போகிறேன். உண்மையைச் சொல்வேன், திட்டு நேராக விழுமா, ஃப்ரிட்ஜைப் பார்த்து விழுமா என்று தெரியவில்லை. அது முடிந்ததும் போர்டுக்காக நான் போட்டிருக்கும் படத்தைத் திறந்து வைத்து, "ரோட்டுல போறவிய இதப் பாத்தா என்ன நினைப்பாவ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். சித்தி கண்ணாடியைக் கழற்றும்வரை வாயைத் திறக்கப்போவதில்லை.

அதற்கு முன்னால், போகிற வழியில் திங்கள்சந்தையில் இறங்க வேண்டும். மாமா வீடு அங்கேதான். பையில் அந்தக் கல்யாணக் கார்டை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த எழுத்தை வாசிக்க முடியவில்லை என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.