இறங்காத கவளம்

மாவை உருட்டுகிறார், நிறுத்துகிறார், வலது கையை மடக்கி நெஞ்சின் நடுவில் மூன்று குத்து குத்திக்கொள்கிறார். மறுபடி உருட்டுகிறார். கறுப்புச் சட்டை போட்ட நாட்களில் மதியக் கூட்டம் ஓய்வதற்குள் நெஞ்சில் வெள்ளையாக ஒரு மாவுத் திட்டு விழுந்திருக்கும்.

"என்ன கியோல் அம்மா, உள்ள இருக்கறவங்க கதவத் திறக்கலையா?" என்று பக்கத்து மீன்கடைக்காரர் கேட்பார்.

"சோறு நிக்குது. தட்டி இறக்குறேன். உன் மீனு நாறுது, அதப் போய்ப் பாரு."

அவருடைய பெயர் மா போக்சிம். கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் சந்தைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. மகள் பெயரை வைத்துக் கியோல் அம்மா என்றுதான் இருபது வருடமாகக் கூப்பிடுகிறோம். போக்சிம் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மருந்துக்கடை அவருடைய நூடுல்ஸ் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பார்க்காமலே மாவை நூலாக நறுக்கும் கை. தனியாக வந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு கரண்டி அதிகம் ஊற்றுவார். நூடுல்ஸை வாயால் கடித்துத் துண்டாக்கி மிச்சத்தைக் கிண்ணத்திலேயே விடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "இழுத்துச் சாப்பிடுய்யா, கொக்கு மாதிரி கொத்தாத!" என்று அடுப்படியிலிருந்தே கத்துவார். எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான்: "துக்கம் முதல்ல வயித்துக்குத்தான் போவும். மண்டைக்கு அதுக்கு வழி தெரியாது."

எங்கள் ஊரில் சாப்பாடு நெஞ்சில் நின்றுவிட்டால் கட்டைவிரலைக் குத்துவது வழக்கம். கியோல் அம்மா அதில் கைராசிக்காரர். நோயாளியை முக்காலியில் உட்காரவைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தி அழுத்தித் தேய்த்து இறக்குவார். அதற்கே பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் மாமியார் சொன்னது, மகன் பரீட்சையில் கோட்டைவிட்டது, புருஷன் மூன்று நாளாகப் பேசாதது எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு கட்டைவிரலை நூலால் இறுக்கக் கட்டி, நகத்துக்குக் கீழே ஊசியால் ஒரு குத்து. கருஞ்சிவப்பாய் ஒரு சொட்டு வரும். "பாத்தியா, எவ்ளோ கறுப்பு! இத வெச்சிக்கிட்டா சுத்துன?" நோயாளி ஒரு ஏப்பம் விட்டு, முகம் தெளிந்து போவார்.

நூலால் கட்டினால் யார் ரத்தமும் கறுப்பாகத்தான் வரும். நான் மருந்து படித்தவன், இதைச் சொல்லி அவரைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். "சரி மருந்துக்காரரே, அப்ப எது எறங்குச்சு?" என்று திருப்பிக் கேட்பார். என் கடையில் செரிமான மருந்து பாட்டில் வாங்கிக் குடித்தும் இறங்காதது அங்கே பத்து நிமிடத்தில் இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எது வயிறு, எது மனசு என்று பிரிக்கிற இடம் எங்கே இருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

போன நவம்பரில் சந்தைப் பெண்கள் கூடிக் குளிர்காலக் கிம்ச்சி போட்டார்கள். நாள் முழுக்க முட்டைக்கோஸ் உப்பிட்டு, மிளகாய் பூசி, முடிந்ததும் புதுக் கிம்ச்சியோடு வேகவைத்த பன்றிக்கறி. அன்றைக்கு யாருக்காவது நெஞ்சடைக்கும். அடைக்காவிட்டால்தான் அதிசயம். அந்த வருடம் அடைத்தது டோஃபு கடை பில்ரே அக்காவுக்கு. "போக்சிம், போக்சிம், கறி நின்னுடுச்சுடி" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். கியோல் அம்மா தேய்த்தார், கட்டினார், குத்தினார். பெரிதாக ஏப்பம் வந்தது. "போச்சுடி, எறங்கிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார் பில்ரே அக்கா. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. நின்றது கறி இல்லை, மாரடைப்பு.

யாரும் கியோல் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பில்ரே அக்காவின் மகன் சாவு வீட்டில் அவர் கையைப் பிடித்து, "கடைசியா அம்மா உங்களோடதான் சிரிச்சாங்க" என்றான். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம்தான் நெஞ்சில் குத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. ஊசி கேட்டு வருகிறவர்களிடம், "தொலைஞ்சு போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார். அவருக்கே இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஐந்து மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்துவிட்டார். பூட்ஸுக்குள் கால் லொடலொடக்கிறது. தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிறு சுத்தம். இதயத்தைப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். மூலிகை வைத்தியர், நெஞ்சில் நெருப்பு கூடிவிட்டது என்று கஷாயம் கொடுத்தார். நான் மூன்று வகை மாத்திரை கொடுத்தேன். எல்லாமே இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் கைவிட்டது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை என் மேசைமேல் போட்டார்.

"இத என்னான்னு படிங்க."

"மனநல மருத்துவர்னு போட்டிருக்கு."

"நான் என்ன தெருவுல துணியக் கிழிச்சிக்கிட்டா அலையறேன்? சோறு நிக்குதுன்னு போனா மனசு டாக்டர்கிட்ட போங்கறான். அப்ப மனசு வலிச்சா வயித்து டாக்டர்கிட்ட போவணுமா?"

நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். சீட்டை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

சோறு நிற்கிறது என்பது பொய்யும் இல்லை. ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், நெஞ்சுக்குழி கல்லாக இருந்தது. காலையில் பின்பக்கக் குன்றில் ஏறும்போது அடைப்பே இல்லை என்கிறார். மூச்சு சீராக வருகிறதாம், பசிக்கக்கூடச் செய்கிறதாம். சந்தைக்குள் நுழைந்ததும் அடைக்கிறது. பில்ரே அக்காவின் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அதைத் தாண்டாமல் இருக்க, மீன் கழுவுகிற ஈரச் சந்து வழியாகச் சுற்றி வருகிறார். ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால், "நடந்தா செரிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?" என்கிறார்.

என்னைப் பற்றியும் சந்தையில் ஒரு புகார் உண்டு. செரிமான மருந்து கேட்டு வருகிறவரை இப்போதெல்லாம் நான் சும்மா விடுவதில்லை. வேர்க்கிறதா, இடது கை வலிக்கிறதா, தாடை வலிக்கிறதா, எத்தனை மணியிலிருந்து? "ஒரு பாட்டில் கேட்டா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேக்குறான்" என்று மீன்கடைக்காரர் வேறு கடைக்குப் போகிறார். எதனால் இப்படி ஆனேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். கூட்டம் போய்விட்டது. வழக்கம்போல அவர் கடையில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கியோல் அம்மா என் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது கால் மடங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு குச்சியாகத் தெரிந்தது. இன்னும் ஐந்து கிலோ குறைந்தால் இந்த மனுஷி இருக்கமாட்டார் என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. நெத்திலி வாசம் எழும்பிய கிண்ணத்தில் நான் கை வைக்கவே இல்லை.

"சாப்பிடுங்க. ஆறிடும்."

"கியோல் அம்மா, கொஞ்சம் உக்காருங்க. கிம்ச்சி போட்ட அன்னைக்கு பில்ரே அக்கா முதல்ல என் கடைக்குத்தான் வந்தாங்க."

உட்காராமல் நின்றார். "எப்ப?"

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி. நெஞ்சடைக்குது, கறி நின்னுடுச்சுன்னாங்க. கடையில கூட்டம். நான் தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. பாட்டில எடுத்துக் குடுத்தேன். குடிச்சும் எறங்கலன்னுதான் உங்ககிட்ட வந்திருக்காங்க."

"வேர்த்துச்சா அக்காவுக்கு?"

"பாக்கலங்க."

"மூச்சு வாங்குச்சா?"

"பாக்கலன்னுதான சொல்றேன். படிச்சவன் நான். நான்தான் பாத்திருக்கணும்."

அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு விளங்கவில்லை. அழப்போகிறாரா, கத்தப்போகிறாரா, கத்தியை எடுக்கப்போகிறாரா? என் பின்பக்கம் வந்தார். முதுகில் ஒரு அறை விழுந்தது. மாவு பிசைகிற கை, எட்டுக் கிலோ குறைந்தும் அதன் பலம் குறையவில்லை. மீன்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு மாசம்! அஞ்சு மாசமா தெனம் இங்க உக்காந்து தின்னுட்டுப் போயிருக்கீங்களே, வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"பயம்" என்றேன்.

எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார், என் கையிலிருந்த சாப்பிடும் குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டார். ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவதில் நின்றுவிட்டது. கண்ணை மூடி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே குச்சியால் உட்கார் என்று காட்டினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மூக்கிலிருந்து ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துவிட்டு நான்காவது வாய் எடுத்தார்.

பிறகு கிண்ணத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளி, இழுப்பறையைத் திறந்து இன்னொரு ஜோடிக் குச்சியை எடுத்து என் பக்கம் போட்டார்.