அக்கா சொன்ன போட்டு

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறை என்னுடையது. மூன்று வேன்கள், மாடி வீடு, போடிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் பங்கு, எல்லாம் நான் சம்பாதித்தது. அப்பன் விட்டுப்போனது ஒரு குடையும் இருமலும்தான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிடவில்லை. இன்றைக்கு அதன் கூரையில் கிடக்கும் தகரம் நான் போட்டது. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசத்தான் செய்வேன். நான் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

நேற்றுக் காலை கொச்சியிலிருந்து மீன் ஏற்றிவந்த லாரி ஒன்று பட்டறை வாசலில் பழுதாகி நின்றது. ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது. மீன் வாடையும் டீசல் புகையும் கலந்து மூக்கில் ஏறியதும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். கொச்சியில் தீவுக்குப் போகிற போட்டில் அடிக்கிற வாடை அதுதான். பட்டறைப் பையன்கள் என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

என் அக்கா கடல் பார்த்தவள் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டு, திராட்சைக் கொடிக்கடியில் குனிந்தே கிடந்தவள். கொச்சிக்கு அக்கரையில் ஒரு தீவு, அதில் மாதா கோயில். வேண்டிக்கொண்டவர்கள் அங்கே போய் வாசலைக் கூட்டிவிட்டு வரவேண்டும். அக்கா ஏதோ வேண்டியிருந்தாள். என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் போட்டில் போகவேண்டும் என்பதை மட்டும் ஊருக்கே சொல்லிவிட்டாள். சர்க்கரை அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. "கண்ணு இருக்கையிலேயே கூட்டிட்டுப் போயிருடா தம்பி" என்றாள்.

இரண்டாயிரம் பிறந்த சமயம். மச்சானால் கொடிக்கு மருந்து அடிப்பதை ஒரு நாளுக்குமேல் தள்ளிப்போட முடியாது. ஆகவே போன அன்றே திரும்பிவிட வேண்டும். பிளான் நான் போட்டேன். சும்மா வாயால் போடவில்லை. நானே ஒரு தடவை கொச்சிக்குப் போய், போட்டில் ஏறி, தீவுக்குப் போய்த் திரும்பினேன். அக்காவுக்கு முட்டிவலி. பலகையில் கால் வைத்து ஏற முடியுமா என்று நானே முட்டிவலிக்காரன் மாதிரி நொண்டி நொண்டி ஏறிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மலையாளத்து அம்மா ஒருத்தி இரக்கப்பட்டுக் கை கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவா முடியும்? பிடித்துக்கொண்டே ஏறினேன்.

இவ்வளவும் செய்த பிறகு எல்லாம் ஒரு வார்த்தையில் கெட்டது. மச்சானுக்குத் தைரியம் சொல்லவைக்க, குமுளியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த மலையாளத்துச் சேட்டனிடம் அவரைக் கூட்டிப்போயிருந்தேன். அந்த மனுசன் நல்லெண்ணத்தில், "பேடிக்கண்டா, கடத்து உண்டு. கடத்துகாரன் அக்கரெ கொண்டு விடும்" என்றார். பயப்படாதே, கடத்துகாரன் அக்கரையில் கொண்டுவிடுவான் என்கிறார். அவர்கள் ஊரில் கடத்து என்றால் ஆற்றையோ காயலையோ கடத்திவிடும் படகு. எங்கள் ஊரில் கடத்து என்றால் என்ன? மலைப்பாதையில் ரேசன் அரிசி மூட்டை போகிறதே, அதுதான்.

மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏலே, அரிசி கடத்துறவன் கையில என் பொண்டாட்டியக் குடுக்கச் சொல்றியா? நீ போட்டது பிளானா, கேசா?"

"மச்சான், அது தோணிக்குப் பேரு."

"பேருலயே களவு இருக்கேடா!"

"நானே போயிட்டு வந்திருக்கேன்ல?"

"ஒன்னய எவன்டா கடத்துவான்? சோறு போட்டு மாளுமா?"

அவருக்கும் பாதி வழியிலேயே விசயம் புரிந்துவிட்டது. ஆனால் ஊருக்கு வந்ததும் டீக்கடையில் "கடத்தல்காரன் போட்டாம்ல" என்று சொல்லிவிட்டார். சொன்னதை எப்படி மாற்றுவது? ஆம்பளை வீம்பு. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு மழை பிடித்தது. மழைக்குப் பின்னால் கொடியில் நோய் விழுந்தது. அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருசம் அக்காவை மதுரை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் ரத்தம் கட்டியிருக்கிறது, காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

பார்வை முழுவதும் போய் இரண்டு மூன்று வருசம் கழித்து மச்சானே வந்து பட்டறையில் நின்றார். "வண்டிய எடு மாப்ள. கடத்தோ களவோ, போவோம்" என்றார்.

போனோம். அதற்குள் தீவுக்குப் பாலம் போட்டு, தீவுத் துறைக்கு வரும் போட்டையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். வேன் பாலத்தில் ஏறி இறங்கியது. அக்கா மூக்கைத் தூக்கி வாடை பிடித்தபடியே வந்தவள், "மீன் வாடை வந்துருச்சே, போட்டுக்கு எறங்கலயாடா?" என்றாள்.

"பாலம் வந்துருச்சுக்கா. தீவுக்குள்ள நிக்கிறோம்."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "அப்ப தண்ணிய எங்கன விட்டோம்?"

மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கோயில் வாசலில் அவள் துடைப்பத்தைப் பிடித்துக் கூட்ட, மச்சான் முன்னால் குனிந்து, "இங்கன ஆத்தா, இங்கன" என்று வழி சொல்லிக்கொண்டே போனார். அவள் பேரைக்கூட அதட்டித்தான் கூப்பிடுகிற மனுசன், அன்றைக்கு அவளை ஆத்தா என்றார்.

திரும்பி வரும்போது அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ ஏறுனல்ல, சொல்லு." சொன்னேன். பலகை கால்பட்டதும் அமுங்குவதை, ஒரு மணி அடித்தால் நிற்பதையும் இரண்டு மணி அடித்தால் கிளம்புவதையும், பச்சைப் பாசி கூட்டம் கூட்டமாக மிதந்துவந்து போட்டில் மோதுவதை, நடுத்தண்ணீரில் வயிறு லேசாக ஒரு பக்கம் சரிவதை. மலை ஏறும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது அக்கா இல்லை. அவளுக்கு முன்னாலேயே மச்சான் போய்விட்டார். திராட்சைத் தோட்டம் பிளாட்டாகிவிட்டது. போட்டுத் துறையில் புல் முளைத்திருக்கிறதாம். போன மாதம் அக்காவுக்கு நினைவுப் பூசை. வந்திருந்த தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "அக்கா போட்டுல போன கதையச் சொன்னாகன்னா நமக்கே தல சுத்தும். ரெண்டு மணி அடிச்சதும் கெளம்புமாம்ல. பலக அமுங்குச்சாம், மலையாளத்துப் பொம்பள கை குடுத்தாளாம்!"

நான் மறுத்துப் பேசவில்லை. அவள் போனாள் என்றே இருக்கட்டும். ஆனால் அந்தப் பலகையில் நொண்டி ஏறியது நான். அந்த அம்மா கை கொடுத்தது எனக்கு. அக்கா கதையை இனிமேல் யார் சொன்னாலும், "தம்பிதான் கூட்டிப்போனான்" என்று என் பேரையும் அதில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.