காற்றில் பந்தைப் பிடித்தவன்

ஹானுஸ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை முடிந்தபிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் ஊரான ஸ்காலதொஃப்டில் எவன் வீட்டுக் கூரைத் தகடு காற்றில் பறந்தாலும் ஏணியோடு முதலில் வந்து நிற்பவன் அவன்தான். மீன் ஆலையில் பதினோரு வருடமாகச் சால்மன் வெட்டுகிறான், ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்குக் கால்பந்து ஆடுகிறான். முப்பது வயது, மார்யுன் என்று நல்ல மனைவி, ஆறு வயதில் ஒரு பெண். ஃபாரோ தீவுகளில் ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் ரோயி என்ற பெயரைக் காதில் போட்டால் போதும், அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

ரோயி மூன்று வீடு தள்ளி இருக்கும் படகுக்காரர் மகன். பதினேழு வயதில் டென்மார்க்கிலிருந்து ஒரு பெரிய கிளப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. வெளிநாட்டில் பந்து உதைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்றால் எங்கள் ஊரில் அது பாதிரியார் பதவிக்கும் ஒரு படி மேல். பேக்கரிக்காரி அவன் சட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். ரொட்டி வாங்கப் போகிறவனெல்லாம் அதைக் கும்பிடாத குறைதான். போதாததற்கு ஹானுஸின் சொந்த மகளே ரோயியின் படத்தைத் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாள்.

"அப்பா, நீயும்தானே பந்து ஆடுற. உன் படம் ஏன் கடைல விக்க மாட்டேங்குறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அச்சடிக்கிற பேப்பர் தீந்துபோச்சாம்" என்றான் ஹானுஸ்.

வேடிக்கை என்னவென்றால், ரோயியின் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவன் ஊரிலேயே ஹானுஸ் ஒருவன்தான். மற்றவர்கள் எத்தனை கோல் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவன் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பையன் எப்போது தப்பாகத் தள்ளுவான், எப்போது தடுக்கி விழுவான் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பான். போன நவம்பரில் உண்மையிலேயே விழுந்தான். இடது முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. "ஐயோ பாவம், சின்னப் பையன்" என்றான் ஹானுஸ், கேட்டவர்களிடமெல்லாம். அன்று மதியம் உருளைக்கிழங்கும் காய்ந்த ஆட்டிறைச்சியும் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

இந்த எரிச்சலுக்கு ஒரு மூலக்கதை உண்டு. ஹானுஸுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அவனுக்கும் டென்மார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வாரம் வந்து ஆடிக் காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பெட்டியோடு விமான நிலையம் போனான். மூடுபனி. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், ஒரு விமானமும் எழும்பவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இந்தக் கதையை அவன் வாயால் கேட்காதவர்கள் ஊரில் தொட்டில் குழந்தைகள்தான். ரோயி கிளம்பிய நாளில் மட்டும் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்ததாம். "வானங்கூட ஆளப் பாத்துத்தான் வேலை செய்யுது" என்று முடிப்பான்.

அந்த ரோயிதான் ஜூலையில் ஊருக்கே திரும்பி வந்து சேர்ந்தான். எட்டு மாதச் சிகிச்சை முடிந்திருந்தது. மூன்று மாதம் உன் ஊர் அணியில் ஆடு, முழங்கால் பழையபடி ஆகிவிட்டது என்று காட்டு, காட்டினால் திரும்ப வா, இல்லாவிட்டால் ஒப்பந்தம் இத்தோடு சரி என்று கிளப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு ஓர் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதைக் கேட்ட நிமிடத்திலிருந்து ஹானுஸுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: இவன் திரும்பிப் போகக்கூடாது. இங்கேயே கிடக்கட்டும். ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று மீன் வெட்டட்டும். பிறகு பார்க்கலாம் எந்தச் சுவரில் எவன் சட்டை தொங்குகிறது என்று.

முதல் வாரமே அடி விழுந்தது. அணியின் பயிற்சியாளர் எய்டுன் ஊரில் வீடுகளுக்குச் சாயம் அடிப்பவர், பேச்சும் அப்படித்தான், ஒரே பூச்சு.

"பெனால்டி இனிமே ரோயி அடிப்பான்."

"பதினோரு வருஷமா நான்தானே அடிக்கிறேன்?" என்றான் ஹானுஸ்.

"அதான் போதும்கிறேன்."

ஹானுஸ் ஊருக்காக முப்பத்துமூன்று பெனால்டி அடித்து முப்பத்தொன்றைக் கோலாக்கியவன். அவனிடம் இருந்த ஒரே கிரீடம் அது. அதையும் நேற்று முளைத்தவன் தலையில் தூக்கி வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மார்யுனிடம் பொரிந்து தள்ளினான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூடுபனி மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் எங்கயோ இருந்திருப்பேன்" என்றான்.

"ஹானுஸ், மூணாம் நாள் சாயங்காலம் பனி விலகி விமானம் போச்சு" என்றாள் மார்யுன், தலையைத் தூக்காமல். "எங்க மாமா அதுலதான் போனாரு. நீ மத்தியானமே பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்ட. பயம்னு சொன்னா யாரு உன்னத் திட்டப்போறா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹானுஸுக்கு முகம் செத்துவிட்டது. வருடக்கணக்காக அவள் தெரிந்துகொண்டே அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் வந்தால் மனுஷன் திருந்துவான் என்பார்கள். இவனுக்கு வந்த வெட்கமெல்லாம் நேரே ரோயியின் கணக்கில் கோபமாகப் போய்ச் சேர்ந்தது.

பையனோ ஒன்றும் அறியாதவன்போல "அண்ணே, அண்ணே" என்று சுற்றி வந்தான். நன்றாகத்தான் ஆடினான், சனியன். ஆனால் ஹானுஸின் கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை: இடது காலால் அவன் பந்தைத் தள்ளுவானே தவிர, ஓங்கி உதைப்பதே இல்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. பயம். எந்தக் காலைப் பார்க்க டென்மார்க்காரர் வருகிறாரோ அந்தக் காலையே ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான். ஹானுஸுக்கு அதில் ஒரு சந்தோஷம். வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டான்.

அக்டோபரில் கடைசி ஆட்டம். வென்றால் முதல் பிரிவில் இருப்போம், சமன் ஆனாலும் கீழே. வடக்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மைதானம் கடலோரத்தில், அதைச் சுற்றிக் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு ஊரே உள்ளே உட்கார்ந்திருந்தது. டென்மார்க்காரர் சாம்பல் நிறச் சட்டையோடு எய்டுனின் வண்டியில், மடியில் நோட்டுப் புத்தகம். ஆளுக்கொரு கோல் ஆகியிருந்தது. முடிய நாலு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் ரோயியின் சட்டையைப் பிடித்து இழுத்து விழத்தட்டினான். நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். கார் ஹாரன்கள் எல்லாம் ஒன்றாக அலறின.

எங்கள் தீவுகளில் இப்படிக் காற்றடிக்கும் நாளில் பெனால்டி என்றால் இரண்டு பேர் வேலை. பந்தைப் புள்ளியில் வைத்தால் நிற்காது, உருண்டு போகும். அதனால் அணிக்காரன் ஒருவன் பக்கவாட்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, பந்தின் தலையில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொள்வான். அடிப்பவனின் கால் பந்தைத் தொடும் அந்த நொடியில் விரலை எடுக்க வேண்டும். பிந்தினால் விரல் போகும், முந்தினால் பந்து போகும். வழக்கமாக இதற்கு அணியிலேயே சின்னவன் படுப்பான். ரோயி பதினைந்து, பதினாறு வயதில் ஹானுஸுக்காக இரண்டு வருடம் அப்படிப் படுத்தவன்தான்.

அன்றைக்குச் சின்னவன் படுக்கப் போனான். ரோயி தடுத்தான்.

"வேணாம்டா, நீ பயந்து சீக்கிரம் எடுத்துடுவ. ஹானுஸ் அண்ணே, நீ பிடி."

"நானா?"

"உன்னத்தான் நம்ப முடியும்."

பதினோரு வருடம் நின்று அடித்தவன், ஊர் பார்க்க, ஈரப் புல்விரிப்பில் வயிறு பட மண்புழுவைப்போலக் கிடந்தான். விரலுக்கடியில் பந்து துடித்தது. ஹானுஸின் மனதில் அப்போது ஊர் இல்லை, அணி இல்லை, முதல் பிரிவு இல்லை. எனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, இவனுக்கு இரண்டும் போகட்டும். அவ்வளவுதான் இருந்தது. ரோயி ஓடி வந்தான். ஒரு எட்டு, இரண்டு, மூன்று. இன்னும் ஒரு எட்டு பாக்கி.

ஹானுஸ் விரலை எடுத்தான்.

பந்து ஒரு சாண் உருண்டது, ரோயியின் இடது பக்கமாக. நடுவர் ரோயியின் முதுகுக்குப் பின்னால் நின்றார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது காலை ஓங்கிக்கொண்டு வந்த பையன் அந்தக் கடைசி எட்டில் எப்படிக் கால் மாற்றினானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வலது காலை ஊன்றினான். இடது காலால், எட்டு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்த அந்த இடது காலால், ஓங்கி ஓர் உதை விட்டான். கோல் காப்பாளன் எதிர்ப்பக்கம் பாய்ந்து கிடந்தான். பந்து மேல் மூலையில் போய் வலையைத் தூக்கியடித்தது.

ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப்போனது. அணிக்காரர்கள் வந்து ரோயியின் மேல் விழுந்தார்கள், பிறகு ஹானுஸின் மேல் விழுந்தார்கள். எய்டுன் எல்லைக்கோட்டிலிருந்து ஓடிவந்து அவன் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். டென்மார்க்காரர் ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிட்டார். மீதி நாலு நிமிடத்தை அவர் பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது ரோயி வந்து ஹானுஸின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விரல முன்னாடியே எடுத்துட்ட."

"காத்துடா..." என்றான் ஹானுஸ்.

"சும்மா இரு அண்ணே. ரெண்டு வருஷம் உனக்குப் பந்தப் பிடிச்சவன் நான். எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

ஹானுஸ் ஷூ கயிற்றை அவிழ்க்கிறேன் என்று குனிந்துகொண்டான்.

"நல்லவேளை எடுத்த" என்றான் ரோயி. "மூணு மாசமா அந்தக் கால நம்பி உதைக்க எனக்குத் துணிவு வரல. யோசிக்க நேரம் இருந்திருந்தா இன்னிக்கும் உதைச்சிருக்க மாட்டேன். அந்தாளு நீ இங்கயே இருன்னு சொல்லியிருப்பான்." பிறகு மெதுவாகக் கேட்டான், "நான் உனக்கு என்னண்ணே பண்ணினேன்?"

ஹானுஸ் அடுத்த ஷூவின் கயிற்றுக்குப் போனான். உண்மையில் அந்தப் பையன் அவனுக்கு ஒன்றுமே செய்ததில்லை. நன்றாக ஆடினான், அவ்வளவுதான். ரோயி எழுந்தான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். பத்து நாளில் விமானம் ஏறிவிட்டான்.

டிசம்பரில் ஒருநாள் ஆலையின் காபி அறையில் மேற்பார்வையாளர் ஒரு டேனிஷ் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார். ரோயியின் நேர்காணல். எல்லோரும் கேட்கும்படி படித்தார்: என் கால் திரும்பி வந்ததற்கு மருத்துவர்கள் காரணம் இல்லை. எங்கள் ஊரில் ஹானுஸ் என்று ஒருவர் இருக்கிறார். அந்தக் காற்றில் எனக்காகப் படுத்துப் பந்தைப் பிடித்தார். அவர் விரல் இல்லாவிட்டால் நான் இன்று இங்கே இல்லை.

அறையே மேசையைத் தட்டியது. "ஏய், ஏதாவது பேசுடா!" என்று யாரோ முதுகில் அறைந்தார்கள். அது நன்றியா, செருப்படியா என்று ஹானுஸுக்குப் பிடிபடவில்லை. ரோயியைக் கேட்கவும் வழியில்லை. ஹானுஸின் பெயர் டென்மார்க் பத்திரிகை ஒன்றில் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "பிடின்னான், பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு மீன் வெட்டப் போய்விட்டான்.

மார்யுன் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. அதைக் கழற்று என்று ஹானுஸ் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.