கெசியா சிஸ்டரின் ஏச்சு

பாளையங்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் கெசியா சிஸ்டரிடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. துணைக்கு இருப்பவர்கள் டிரிப் பாட்டில் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், வார்டே அதிரும். கோயிலில் ஞாயிறுதோறும் பாமாலை பாடுகிற வாயா இது என்று மற்ற நர்சுகள் கேலி செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சித்ரலேகா வந்த அன்று நானும் டியூட்டியில் இருந்தேன்.

தொண்ணூற்று நாலு, ஐப்பசி மழை. சேரன்மகாதேவிக்காரி, கைக்குழந்தைக்காரி. ஸ்டவ் வெடித்து நைலான் சேலையில் தீப் பிடித்துவிட்டது. புண்ணெல்லாம் தோசை மாவை அப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். கெசியா மாவைக் கழுவி, வலிக்கு ஊசி போட்டு, டிரிப்பை வேகமாக ஓடவிட்டாள். வெந்த உடம்பில் ரத்தத்தின் நீர் சதைக்குள் கசிந்துவிடும். உடம்பு ஊதும், உள்ளே ரத்தம் வற்றும். அதனால் நீரை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறியது போதுமா என்பதைக் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பைதான் சொல்லும்.

பையில் ஒன்றும் இறங்கவில்லை. டிரிப் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குழாயிலிருக்கும் சக்கரத்தைத் தள்ளி வேகத்தைக் கூட்டிவிட்டு கெசியா நகர்ந்தாள். அன்று பட்டாசு விபத்தில் வெந்த மூன்று பேர் வேறு. திரும்பி வந்தால் மறுபடியும் சொட்டுத்தான். சக்கரம் நழுவுகிறது போல என்று திரும்பவும் கூட்டினாள்.

"ஏட்டி, வலிக்குதா?"

"வலிக்கல சிஸ்டர். குளிருது."

"ஊசி நல்லா கேட்டிருக்கு," என்று சித்ரலேகாவின் அம்மா வடிவம்மாள் கும்பிட்டாள். கெசியாவின் முகம் மாறியது. ஆழமாக வெந்தவர்களுக்குத்தான் வலி தெரியாது.

பொழுது சாயும் நேரம் நாங்கள் போனபோது சித்ரலேகா கண்மூடிக் கிடந்தாள். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கை சில்லென்றிருந்தது.

"அசந்து தூங்குறா சிஸ்டர்," என்றாள் வடிவம்மாள். "தண்ணி ஏறி ஏறித்தான பிள்ளைக்கு மூஞ்சி இப்படி ஊதுது? நீங்க அங்கன போனதும் நாந்தான் அந்தச் சக்கரத்தை மெல்ல அடைச்சு வச்சேன்."

கெசியா சக்கரத்தை முழுக்கத் திறந்தாள். குனிந்து பையைப் பார்த்தாள். அடியில் துளிபோல, கடுங்காப்பி நிறத்தில். டாக்டர் ஓடி வந்து என்னென்னவோ செய்து பார்த்தார்.

மறுநாள் சித்ரலேகா போய்விட்டாள். வடிவம்மாள் கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க புண்ணியத்துல எம் பிள்ளை கடைசி வரைக்கும் வலியில்லாமப் போச்சு சிஸ்டர்."

"ஆமாம்மா," என்றாள் கெசியா.

அந்த வார்டில் அவளிடம் ஏச்சு வாங்காமல் போன ஒரே ஆள் வடிவம்மாள்தான்.