தூணில் இருந்த குறி

ஸ்காட்லாந்தின் ஜெட்பரோவில் துணிக்கடை வைத்திருந்த கிடியன் பர்வெஸுக்குக் கடையைவிட எகிப்தின்மேல்தான் கண். கல்தச்சர் கூட்டமாகத் தொடங்கிய பிரீமேசன் சங்கத்தின் ரகசியங்கள் எல்லாம் எகிப்துப் பூசாரிகளிடமிருந்து வந்தவை என்று நிரூபிக்கப் பதினெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் படித்த மேசன்களில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதினார்கள். ஆனால் பர்வெஸிடம் சாட்சி இருந்தது. ஊர் மடாலயத் தூணில் ஒரு முக்கோணம், அதன் உச்சியில் இரண்டு கோடு. அதே குறியை ஏதோ எகிப்துக் கல்லறைப் படத்திலும் பார்த்துவிட்டார். அப்புறம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியுமா?

"அந்தக் குறியையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்பாள் மனைவி இசபெல்.

1874 டிசம்பரில், சங்கத்தின் புனித யோவான் திருநாள் மதிய விருந்தில் அவர் தம் கட்டுரையை வாசிப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லி எடின்பரோவிலிருந்து ஒரு பதிப்பாளரும் வந்தார்.

முந்தின நாள் காலை, விருந்தில் காட்சிக்கு வைப்பதற்காகச் சங்கத்தின் பழைய பெட்டியைத் திறந்தார்கள். மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. மூவரும் ஒன்றுசேர்வதே அபூர்வம். உள்ளே நூற்றெழுபது வருஷத்துப் பதிவேடு. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் பர்வெஸ் மட்டும்தான். ஒன்பதாம் பக்கத்தில் அதே முக்கோணம், அதே இரண்டு கோடு. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'ஜேம்ஸ் ரென்விக், கல்தச்சன். மடாலயத் தூணைப் பழுது பார்த்தவன். தன் வேலைக்கு இவன் வெட்டும் அடையாளம் இது.'

அவர் அந்த வரிகளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் சாவிக்காரர் ஒருவர்.

"சும்மா, யார் யார் வந்தாங்கன்னு" என்று சொல்லி மூடிவிட்டார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஐயா!

மறுநாள் விருந்தில் எழுந்து வாசித்தார். மூன்று பக்கம் தடையில்லாமல் போயிற்று. குறியைப் பற்றிய இடம் வந்ததும் தாள்களை மடித்து வைத்தார்.

"சகோதரர்களே, நான் எழுதினது தப்பு" என்றார். காட்சிக்கு வைத்திருந்த பதிவேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் படித்தார். பதிப்பாளர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"வாசல்ல இருக்கிற சாண்டியை உள்ள கூப்பிடுங்க. அவரும் ரென்விக்தானே" என்றார் பர்வெஸ்.

சாண்டி ரென்விக் சங்கத்தின் வாயில்காவலர். கடைக்காரர்களும் வக்கீல்களும் நிறைந்த அந்தச் சங்கத்தில் கல் செதுக்கிப் பிழைத்த ஒரே ஆள். கூட்டம் நடக்கும்போதெல்லாம் வாளோடு கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே வாசித்த ஒரு கட்டுரையும் அவர் காதில் விழுந்ததில்லை.

பர்வெஸ் விஷயத்தைச் சொல்லிக் காட்டிய பக்கத்தைச் சாண்டி பார்த்தார்.

"எங்க வீட்டுக் குறி. நானும் இதைத்தான் கல்லுக்கு அடியில வெட்டுறேன்" என்றார். பிறகு பர்வெஸைப் பார்த்து, "இதுக்கா பதினெட்டு வருஷம் அலைஞ்சீங்க? ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்னைத் தாண்டித்தானே உள்ள போனீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.