பொங்கலில் பொறுக்கிய முந்திரி

மகாராஜா காலத்து மைசூர். அடிக்கடி மூச்சிரைத்த நான்கு வயது மகளை நானும் மனைவியும் மண்டி மொஹல்லா பேட்டையில் இருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். பார்த்ததுமே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் கையில் ஊசியால் வரிசையாகக் கீறி, கீறலுக்கொரு உணவுப் பண்டத்தின் சாற்றைச் சொட்டினார். அவள் அலறினாள். கால் மணி நேரத்தில் ஒரு கீறல் மட்டும் தடித்துச் சிவந்தது.

"முந்திரி ஒத்துக்கலை. குடுக்கறீங்களா?"

"எங்காத்துல முந்திரியே வாங்கறதில்லை. உம்ம சோதனைதான் தப்பு," என்றேன்.

"அப்பா தினம் தருவாரே," என்றாள் மகள் அழுதுகொண்டே. "கோயில் பொங்கல்லேர்ந்து பொறுக்கி."

"அது பெருமாள் பிரசாதம். அதைப் போய் சாப்பாட்டுல சேர்ப்பாளா?" என்றேன்.

"குழந்தை உடம்புக்கு அது தெரியாது," என்றார் டாக்டர், எழுதுவதிலிருந்து நிமிராமலே.

இரண்டு வருஷமாக, குழந்தைக்கு மூச்சிரைக்கும்போதெல்லாம் நான் மனைவியின் சமையலைத்தான் திட்டிவந்தேன். அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று ஜட்கா வண்டியில் ஏறும்போது குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

அந்த டாக்டரை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று அவள் ஒதுக்கிய என் கையை, அதன்பிறகு நானும் நம்பியதில்லை.